மணி அடித்ததும் அழுத்தவும்

பாக்கியநாதன் வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பையன்கள் மேல் அல்ல. மணி அடித்த பிறகும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும் வளர்ந்த ஆட்கள் மேல்.

சேலத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூருக்குப் போய் மனநூல் படித்துவிட்டு, அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். மனசு என்ன சாமியாருக்கும் சோதிடருக்கும் எழுதிக்கொடுத்த சொத்தா, அதையும் அளந்து பார்க்கலாம் என்று ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் ஒரு பேராசிரியர் ஆய்வுக்கூடம் திறந்து அப்போதே அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. சேலத்தில் அதைக் கேட்கத்தான் நாதியில்லை. வாத்தியார் மனசைப் பார்க்கிறாராம் என்று கேள்விப்பட்டவர்கள், பேய் பிடித்த பெண்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியே தொண்டை வறண்டது.

பள்ளிக்கூடத்தின் பின்னறை ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, அங்கே ஒரு கருவி செய்து வைத்தார். ஒரு மணி, ஒரு கடிகாரம், ஒரு விசை. மணி அடித்ததும் கடிகார முள் ஓடும். எதிரே இருப்பவர் விசையை அழுத்தினால் நிற்கும். காது கேட்டுக் கை அசைவதற்குள் மனசு எடுத்துக்கொள்ளும் நேரம் அதுதான். சுலபமான காரியம், நம் ஊரைத் தவிர.

அங்கே படிக்கும் மகனைப் பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்து வந்த நாச்சிமுத்துக் கவுண்டரை உட்கார வைத்தார். மணி அடித்தது. முள் சுற்றிக்கொண்டே இருந்தது. கவுண்டர் வாத்தியாரின் முகத்தையே பார்த்தார்.

"மணி கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க."

"அப்ப ஏன் அழுத்தல?"

"நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே."

வந்தவர்கள் எல்லோரிடமும் இதே கதைதான். நடுவில் திரை கட்டினார், திரைக்கு அந்தப் பக்கமிருந்து "அழுத்தட்டுங்களா?" என்று குரல் வந்தது. அவர் மனைவி அந்தோணிமேரி மட்டும் மணி அடிப்பதற்கு முன்பே அழுத்திவிட்டாள். அதையும் கணக்கில் சேர்க்க முடியவில்லை. "இந்த ஜனங்களுக்குத் தனியா ஒரு மனசே கிடையாதா?" என்று அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு.

இதற்குள் மேலிடத்திலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவதாகச் செய்தி வந்தது. அவர் மெச்சினால் அறை நிலைக்கும், மனநூல் ஒரு பாடமாகும். இல்லையென்றால் அங்கே நூல் நூற்கும் ராட்டைகளை அடுக்கப் போவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பாக்கியநாதன் நாச்சிமுத்துவையே பிடித்துப் பழக்கினார். "யார் மூஞ்சியையும் பாக்காதீங்க. மணி அடிச்சா அழுத்துங்க. அவ்வளவுதான்!" பாவம், கவுண்டரும் மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் அழுத்திப் பழகி, ஒருவழியாகத் தேறினார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நாச்சிமுத்து நாற்காலியில் உட்காரப் போனார்.

"பழக்கின ஆள் வேண்டாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீரே உட்காரும். மணியை நான் அடிக்கிறேன்."

பாக்கியநாதனுக்கு உள்ளுக்குள் குதூகலம். தன்னைவிட வேகமாக அழுத்த இந்த ஜில்லாவில் யார் இருக்கிறார்கள்? நாற்காலி நுனியில் உட்கார்ந்து, விசையின் மேல் விரலை வைத்தார்.

மணி அடித்தது.

அவர் தலை நிமிர்ந்தது. கண் இன்ஸ்பெக்டரின் முகத்துக்குப் போனது. அந்த முகம் அசையவில்லை. முள் சுற்றியது, மறுபடியும் சுற்றியது.

"ஏன் அழுத்தவில்லை?"

"தாங்கள் உத்தரவு..." என்று ஆரம்பித்தார் பாக்கியநாதன். காது மடல் கொதித்தது. இத்தனை நாள் ஊராரை வைத வசவெல்லாம் தன் தலையிலேயே வந்து இறங்கியது அவருக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கக்கூட இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்பைப் பார்க்கப் போனார். அறை ராட்டைகளுக்குப் போவது அந்த நிமிஷமே தீர்மானமாகிவிட்டது.

சுவரோரம் நின்ற நாச்சிமுத்து மெதுவாகக் கிட்டே வந்தார்.

"வெசனப்படாதீங்க சாமி," என்றார் உண்மையான பரிவோடு. "பெரியவங்க சொல்லாம நாம எப்படீங்க கை வெக்கிறது?"