ஒன்பது பேருக்கு ஒரே கவலை

போன திங்கட்கிழமை என் மகள் கயல்விழியைத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தேன். பி.எஸ்ஸி. வேதியியல். ஹாஸ்டல். பக்கெட், தலையணை, பூட்டு எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. நான்தான் இன்னும் முழுசாக ஊர் வந்து சேரவில்லை.

முதல் நாள் என்பதால் பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். பெரிய ஹால். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். இரண்டே கேள்விதான். கல்லூரியிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன? உங்கள் கவலை என்ன? மேலே தடித்த எழுத்தில் — 'மாணவர்கள் தங்கள் கைப்பட நிரப்பவும்.'

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை படிவங்களும் அப்பாக்கள் கைக்கு வந்துவிட்டன!

நாங்கள் டெல்டாக்காரர்கள். படிவத்தைப் பார்த்தால் கை தானாக நீளும். வெள்ள நிவாரணம், வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு, பட்டா மாறுதல்... நெல் விளைகிறதோ இல்லையோ, வருஷத்துக்கு நாலு மனு விளையும். இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. நமக்குத் தோன்றுவதை எழுதக் கூடாது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைப் படித்தால் முகம் சுளிக்க மாட்டாரோ, அதைத்தான் எழுத வேண்டும்.

எழுதினேன். எதிர்பார்ப்பு — ஒழுக்கம், வேலைவாய்ப்பு. கவலை? இங்கேதான் பேனா நின்றது.

திருவாரூர் பக்கம் எங்கள் ஊர். போன தை மாதம், கதிர் சாய்ந்து அறுவடைக்கு நிற்கிற வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க இயந்திரத்தோடு வந்தார்கள். ஊரே வரப்பில் போய் உட்கார்ந்தது. பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்க வேண்டிய என் மகள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள், யூனிஃபார்மோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் பெயர் கேட்டதற்கு இனிஷியலோடு சொல்லியிருக்கிறாள். இனிஷியல் என்னுடையது அல்லவா?

அந்தப் போலீஸ் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்க ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றேன். வரப்பில் நான் உட்காரவில்லையா என்று கேட்கிறீர்களா? நான் கணக்கு வாத்தியார். அன்று வகுப்பில் டெஸ்ட் இருந்தது. இல்லாவிட்டாலும் வைத்திருப்பேன்.

ஆகவே கவலைக் கட்டத்தில் எழுதினேன் — 'சக மாணவர்கள் போராட்டம், ஆர்ப்பாட்டம் என்று என் படிப்பைக் கெடுத்துவிடுவார்களோ என்பதே என் கவலை. எனக்கு அவற்றில் துளியும் ஈடுபாடு இல்லை.'

கயல் எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா இந்த 'எனக்கு'?"

"நீதான்."

"நானா? எனக்கே தெரியாம எவ்வளவு நல்ல புள்ளையா இருக்கேன்!"

பக்கத்து நாற்காலியில் திருக்காட்டுப்பள்ளி விவசாயி ஒருவர், மகள் செல்வியோடு. "சார், எழுத்து முத்து முத்தா இருக்குங்க. எம் பொண்ணுதையும் அப்படியே போட்டுடுங்களேன்."

செல்வி தயங்கினாள். "சார்... எனக்கு இங்கிலீஷ்ல நடத்துனா புரியுமான்னுதான் பயமா இருக்கு. அதை எழுதுங்க சார்."

"ஏய், சும்மா இரு! அதை எழுதுனா சீட்டைப் புடுங்கிடுவாங்க" என்றார் அப்பா.

சீட்டைக் காப்பாற்றினேன். பின்வரிசையிலிருந்து இன்னொரு படிவம் வந்தது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஒன்பது. ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒரே எதிர்பார்ப்பு, ஒரே கவலை.

சிறப்பு விருந்தினர் வந்தார். கரை வேட்டி, துண்டு. "நாங்க மாணவனா இருந்தப்ப தண்டவாளத்துல தலை வெச்சோம். பஸ்ஸை மறிச்சோம். ஜெயிலுக்குப் போனோம். அதனாலதான் இன்னிக்கு இந்த மேடையில நிக்கிறேன்!" கைதட்டல். "ஆனா நீங்க படிங்க. படிப்பை மட்டும் பாருங்க!" இன்னும் பெரிய கைதட்டல். எல்லாம் அப்பாக்களாகிய எங்களுடையது.

இந்தக் கட்சியோ, அந்தக் கட்சியோ... அரை நூற்றாண்டாக நம்மை ஆள்கிறவர்களில் எத்தனை பேர் மாணவர் போராட்டத்தின் வழியாக வந்தவர்கள்! வந்து சேர்ந்ததும் வழியை அடைத்து வேலி போட்டு, 'இது வழியல்ல' என்று போர்டும் மாட்டிவிட்டார்கள். அந்த வேலிக்கு முள் வெட்டிக் கொடுக்கிறவன் யார்? முத்து முத்தான கையெழுத்தோடு நான்தான்.

அவர் காரேறிப் போனதும் பிரின்சிபால் படிவக் கட்டைப் பிரித்தார். "எவ்வளவு பக்குவம் பாருங்க நம்ம பிள்ளைங்களுக்கு! எல்லாரும் ஒரே மாதிரி சிந்திக்கிறாங்க." என் வாசகம் மைக்கில் ஒலித்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது அவர் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "கயல்விழி யாரும்மா? உன் பேர்ல ரெண்டு ஃபாரம் இருக்கு. ஒண்ணு பேனா, ஒண்ணு பென்சில்."

நான் ஊருக்கெல்லாம் மனு எழுதிக்கொண்டிருந்தபோது இவள் இன்னொரு படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்திருக்கிறாள்.

பென்சிலை அவர் வாசித்தார். "எதிர்பார்ப்பு — எங்கள் ஊர் மண்ணையும் தண்ணீரையும் சோதித்துப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். கவலை — எங்கள் வயலுக்கு மறுபடி குழாய் வரும் அன்று எனக்கு இன்டர்னல் தேர்வு இருக்கக் கூடாது."

பிரின்சிபால் இரண்டு தாளையும் உயர்த்திக் காட்டினார்.

"எதும்மா நீ எழுதினது?"

துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தேன். எழுந்துவிட்டாள். "பென்சில் நான் எழுதினது சார். பேனா எங்கப்பா."

சிரிப்பு அடங்குவதற்குள் செல்வியும் எழுந்தாள். "என்னுதும் அந்த சார்தான் எழுதினாரு சார். எனக்கு இங்கிலீஷ்தான் பயம்." அவ்வளவுதான். இங்கும் அங்குமாகக் கைகள் உயர்ந்தன. பாதி ஹாலுக்கு இங்கிலீஷ் பயம்!

இதோ சீட்டு போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரின்சிபால் பேனாக் கட்டைப் பியூனிடம் நீட்டினார். "இதெல்லாம் திருப்பிக் கொடுத்துடுங்க. புதுசா ஃபாரம் குடுங்க. அப்பாக்கள் கொஞ்சம் வெளியில காத்து வாங்கட்டும்." பென்சில் தாளை மட்டும் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கேட்டருகே கயல் சொன்னாள். "ஒருவேளை குழாய் வர்ற அன்னிக்கு எனக்கு எக்ஸாம் இருந்துச்சுன்னா, வீட்டுக்கு ஒருத்தராவது வரப்புல இருக்கணும்லப்பா? நீங்க போயிடுங்க."

"நானா?"

"பேர் கேட்டா இனிஷியலோட சொல்லுங்க."

அன்றிலிருந்து எனக்கும் ஒரு கவலை. யாராவது எழுதித் தந்தால் நல்லது... கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை.