நாலிலேயே நின்ற லீவர்

என் கணவர் பயந்தால் வாய் திறக்கமாட்டார், போய் ஒரு வாகனம் வாங்கிவிடுவார். தொண்ணூறுகளில், ரொறன்ரோவில் எங்கள் முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. அதற்கு முந்தின வாரம் கார் பனியில் வழுக்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் அடித்துச் சொன்னார். இவர் நம்பவில்லை. நான் மறுபடி உண்டானதும் ஒரு பழைய ஃபோர் வீல் வாகனத்தோடு வந்து நின்றார்.

"நாலு சில்லும் சேர்ந்து இழுத்தா வழுக்காதெல்லே" என்று, இரண்டு சில்லா நாலு சில்லா இழுப்பது என்று மாற்றுகிற லீவரை நாலில் போட்டவர், தெரு காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் திருப்பங்களில் சில்லுகள் துள்ளத் தொடங்கின. அடியில் டக் டக்கென்று சத்தம்.

கராஜ்காரர் தலையில் கை வைத்தார். "அண்ணை, உது பனிக்கும் சேத்துக்கும்தான். காய்ஞ்ச ரோட்டில ஓடினா உள்ளுக்கை இறுகி உடையும். இப்ப லீவரும் நாலிலயே இறுகிப் போச்சு. மாத்துற சாமான் வருமட்டும் ஹைவே ஏறாதேங்கோ, மெதுவா ஓடுங்கோ, ஒடிச்சுத் திருப்பாதேங்கோ."

சாமான் வருமுன் எனக்கு வலி வந்துவிட்டது. டாக்ஸி கூப்பிடுவம் என்றேன்.

"தெரியாத ஆளின்ர கையில உம்மை விடமாட்டன்" என்றார். என்ன மனுசன்!

அன்றைக்கென்று நல்ல வெயில், தெருவில் ஒரு பொட்டுப் பனி இல்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டினார்கள். இவர் ஒவ்வொரு சந்தியிலும் தேர் திருப்புகிற மாதிரி அகலமாக வளைத்து எடுத்தார். அடியில் டக் என்றால் உடனே "நோகுதே?" என்பார். எனக்கு நொந்தது வேறு. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று நானும் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் பார்க்கிங்குக்குள் ஒடித்துத் திருப்ப முடியாமல் தெருவோரமாக நிறுத்தி, என்னை அணைத்தபடி நடத்திக் கூட்டிப்போனார். மகள் சுகமாகப் பிறந்தாள்.

கோடையில், பழுது பார்த்த வாகனத்தில் அவளைப் பின் சீற்றில் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். லீவரை ஒழுங்காக இரண்டில் போட்டார். கண்ணாடியில் நித்திரையாகக் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். கை மெல்ல லீவருக்குத் திரும்பிப் போனது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன்.

"விடுங்கோ," என்றேன். "பிள்ளை வந்திட்டாள்."