அழிக்கக் குறித்து வைத்த அஞ்சல்பெட்டி

ஒரு திங்கட்கிழமை காலை சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். மூன்று நாளாக எங்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் எல்லாம் திரும்பி வருகிறதாம். கம்பெனி நடக்கிறதா, இழுத்து மூடிவிட்டீர்களா என்று கேட்டார்.

கம்பெனி நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. மாசாய் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். தகரத்தை அழுத்தி வெட்டி, பெயின்ட் டின்களுக்கு மூடி செய்கிறோம். நான் அங்கே நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணினிகளைக் கவனித்துக்கொள்ள வெளியாள் ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஊரான பெர்மாஸ் ஜெயாக்காரர், என் வயதுதான் இருக்கும். அவர் வந்து பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"சர்வர் நெறஞ்சு போச்சு சிஸ்டர். இத்தன வருஷமா யாரும் ஒண்ணையும் அழிக்கல போல."

முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். சீனர், அறுபதைத் தாண்டியவர். எது வேண்டும் எது வேண்டாம் என்று உனக்குத்தான் தெரியும், நீயே பார்த்துச் செய் என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குள் போய்விட்டார். என் பெட்டியை மட்டும் தொடாதே என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. முதல் இரண்டு நாள் சலிப்பாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது. ஒரே வரைபடத்தை நாற்பது பேர் நாற்பது முறை இணைத்து அனுப்பியிருந்தார்கள். கிடங்கில் குட்டி போட்ட பூனைக்கு மட்டும் ஒரு முழு வருடத்துப் படங்கள் இருந்தன. வாடிக்கையாளர் கடிதம், சான்றிதழ், வரைபடம் ஆகியவற்றை ஆண்டுவாரியாகப் பிரித்துத் தனிச் சேமிப்பில் வைத்தேன். சந்தேகமானவற்றை ஒரு பக்கம் ஒதுக்கினேன். சாப்பாடு சம்பந்தமான தலைப்புள்ள மின்னஞ்சல்களை, நாசி லெமாக், கேக், முறுக்கு எதுவானாலும், தவுக்கே தவிர எல்லாருடைய பெட்டியிலும் தேடி ஒரே அடியாக அழித்தேன். திரையின் ஓரத்தில் சிவப்பாக இருந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பார்க்க, வீடு கூட்டி முடித்த மாதிரி ஒரு திருப்தி.

நான் சிகாமட்டில் வளர்ந்தவள். ஒரு வருடம் ஆறு பெருகி வீட்டுக்குள் வந்து, பிறப்புப் பத்திரம் முதல் பள்ளிச் சான்றிதழ் வரை கூழாகிப் போயின. அவற்றை மறுபடி வாங்க அப்பா மாதக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அதனால் ஒரு துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் போடக்கூட எனக்குக் கை வராது. மின்னஞ்சலை அழிக்க மட்டும் எப்படியோ கை வந்தது. அது எனக்குக் காகிதமாகத் தோன்றவில்லை.

நான்காவது வாரத்தில், வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டிகள் கடைசியாக மிஞ்சின. அவற்றிலேயே பெரியது எங்கள் பழைய தொழிற்பாதுகாப்பு அதிகாரியுடையது. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"இது ஒண்ணு போனாலே பாதி எடம் கெடச்சிரும் சிஸ்டர். வெள்ளிக்கிழம வந்து எடுத்துர்றேன்" என்றார் கணினிக்காரர். நானும் சரி என்று பட்டியலில் அதைக் குறித்து வைத்தேன்.

புதன்கிழமை, பிரஸ் மெஷினில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் என் மேசைக்கு வந்தார். பதினான்கு வருடமாக அதே மெஷினில் நிற்பவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஆஸ்பத்திரித் தாள்கள். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"டாக்டர் சொல்றாரும்மா, காது போனது மெஷின் சத்தத்தாலதானாம். காதுல மாட்டுற கருவிக்கு எழுதிப் போடலாம்னாரு. ஆனா தொழிலாளர் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கேக்குறாங்க, வேலைக்கு வந்தப்ப காது நல்லா இருந்துச்சுன்னு காட்டணுமாம். வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்தாங்கல்ல, அந்த ரிப்போர்ட்டு இருக்குமா?"

"ஸ்டோர்ல இருக்கும்ணே. பாத்துச் சொல்றேன்."

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா."

சத்தமாகச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்துகொண்டார்.

ஸ்டோரில் அந்தக் கோப்புகள் இருந்த அலமாரியைக் கரையான் அரித்திருந்தது. அட்டையைத் தூக்கினால் உள்ளே மண்தான் கொட்டியது. பரிசோதனை செய்த கிளினிக்கும் மூடி வருடக்கணக்காகிவிட்டது. அக்காவுக்கு போன் செய்தேன்.

"மெயில்லயும் அனுப்புவாங்களே. நான் அழிக்கவே இல்ல" என்றார் அக்கா. "ஆனா காதுன்னு தேடினா கெடைக்காது. அந்த நர்சு வெறும் ஸ்கேன்னு மட்டும் போட்டு அனுப்பும்."

'ஸ்கேன்' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்தன.

"எந்த மாசம்னு ஞாபகம் இருக்காக்கா?"

"மாசம் மாறும். ஹரி ராயா லீவு முடிஞ்சு ஃபேக்டரி தொறக்குற அன்னிக்கு, மெஷின் ஓடுறதுக்கு முன்னாடி எடுக்கச் சொல்வேன். ஒரு வாரம் சத்தம் கேக்காம காது நல்லா ரெஸ்ட்ல இருக்கும்ல, அப்பத்தான் டெஸ்ட் சரியா வரும்."

ஹரி ராயா, அதாவது நோன்புப் பெருநாள், ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். பழைய நாள்காட்டிகளைப் பார்த்து ஒவ்வொரு வருடத்துப் பெருநாளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அதற்கு அடுத்த வாரங்களை மட்டும் அக்காவின் பெட்டியில் திறந்தேன். ஒவ்வொன்றாக வந்தது. அண்ணன் பெயருக்கு நேரே ஒரு கோடு, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போனது. நானும் அதே வருடங்களில் அந்தத் தொழிற்சாலையில்தான் இருந்தேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம்.

எல்லா வருடமும் கிடைத்தது, முதல் வருடத்தைத் தவிர. அதுதான் முக்கியமானது. மறுபடி அக்காவைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார்.

"அந்த நர்சு புது மெயில் எழுதாது. இருக்குறதுக்கே பதில் போடும். அந்த வருஷம் தீபாவளிக்கு, அதோட தங்கச்சி சுடுற முறுக்க அது மூலமா ஆர்டர் பண்ணேன், அந்த மெயில்லயே ரிப்போர்ட்ட சேத்து அனுப்பியிருக்கும். முறுக்குன்னு தேடிப் பாரு."

முறுக்கை நான் அழித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கணினிக்காரருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அழிச்சது முப்பது நாள் உள்ளதான் கெடக்கும் சிஸ்டர். நீங்க எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்."

மதியம் வந்தார். நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உட்காரத் தோன்றவில்லை. நாசி லெமாக் முதலில் திரும்பி வந்தது, பிறகு கேக்குகள், கடைசியில் முறுக்கு. அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று அக்காவும் நர்சும் பேசியதற்கு அடியில் ஓர் இணைப்பு இருந்தது. திறந்தேன். அண்ணன் பெயர். இரண்டு காதுக்கும் கோடு நேராக, ஒரு குறையும் இல்லாமல்.

அச்சடித்த தாள்களைத் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். இவை எங்கள் பதிவுகள்தான் என்று கம்பெனித் தாளில் ஒரு கடிதம் வேண்டும், அதில் அவர் கையெழுத்து வேண்டும். அந்தச் சரியும் கோடுகள் எங்கள் மெஷினைப் பற்றியும் பேசுகின்றன என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இது போல மற்றவர்களுடையதும் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாருடையதும் இருக்கிறது என்றேன். அப்படியானால் ஒன்றுகூடப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அழிக்கும் பட்டியலிலிருந்து அக்காவின் பெட்டியை அன்றே அடித்தேன்.

அண்ணனிடம் தாள்களைக் கொடுத்தபோது, "இத நான்தான் அழிச்சிருந்தேண்ணே, நல்லவேளையாத் திரும்பக் கெடச்சுது" என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது. முதல் வருடத்துக் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருந்துருக்கு" என்றார்.

சில மாதங்களில் அவருக்குக் கருவி கிடைத்தது. அவரைச் சத்தமில்லாத பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரஸ் மெஷின்களைச் சுற்றித் தடுப்பு போடும் வேலையும் தொடங்கியது. ஒருநாள் கேன்டீனில் அவரே என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வீட்டு ஃபேன் இவ்வளவு சத்தம் போடும்னு தெரியாதும்மா. என் சம்சாரம் எப்பவும் திட்டுற மாதிரியே பேசுவாங்க. எனக்குக் கேக்கணுமேன்னு கத்தியிருக்காங்க. இப்ப மெதுவாப் பேசுறாங்க. அதுலயும் திட்டுதான் வருது, ஆனா மெதுவா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இப்போது எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. யாராவது வேலையை விட்டுப் போனால், போவதற்கு முன் என்னோடு உட்கார்ந்து, எது எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர்கள் பெட்டி சேமிப்பிடத்துக்குப் போகும், குப்பைக்குப் போகாது. தலைப்பை மட்டும் பார்த்து எதையும் அழிப்பதை நான் விட்டுவிட்டேன்.

போன மாதம் தவுக்கே தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். தன் பெட்டியையும் ஒழுங்கு செய்ய வேண்டுமாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்வாராம். வெள்ளிக்கிழமை காலைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொன்றையும் திறந்து, இந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறான் தெரியுமா என்று ஒரு கதை சொல்வார். நான் பால் கலக்காத தே-ஓ குடித்துக்கொண்டே கேட்பேன். போன வாரம் ஒரு மணி நேரத்தில் ஆறு மின்னஞ்சல்தான் முடிந்தது. இந்த வேகத்தில் போனால் நான் ஓய்வு பெறும் வரைக்கும் வேலை இருக்கும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.