டிக்கியில் இருந்த வெள்ளைக் கல்

போன வருடம், மழைக்காலம் தொடங்கியிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, தங்கவயலிலிருந்து பங்காருப்பேட்டை போகும் சாலையில், ஒரு மேட்டின் பாதியில், மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வாயை 'ஆ' என்று திறந்துகொண்டு நின்றேன். எதிரே போலீஸ். வேடிக்கை என்னவென்றால், அப்படி நிற்கும்படி என்னை யாருமே கேட்கவில்லை.

நான் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் பகுதிக்காரன். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. தினமும் ரயிலில் பெங்களூரு போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவன். கார் ஓட்டத் தெரியும், ஆனால் சொந்தமாகக் கார் கிடையாது. யாராவது கொடுத்தால் வருடத்துக்கு நான்கு தடவை ஓட்டுவேன். ஆனாலும் எங்கள் தெரு முனை டீக்கடையில், வாகனச் சட்டம் என்றால் நான்தான். போனில் வரும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, அந்த விஷயத்தில் பாதி வக்கீலாகிவிட்டிருந்தேன். வண்டியை நிறுத்தினால் சாவியைப் பிடுங்கக் கூடாது. லைசென்ஸைப் போனில் காட்டினாலே போதும். டிக்கியைத் திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்கலாம். சோதனை போடும்போது பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். அபராதம் கட்டினால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது. இதையெல்லாம் விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொல்வேன். "நம்ம உரிமைய நாமதான் கேக்கணும், பயந்துகினு நின்னா ஏறி மிதிச்சுட்டுப் போயிருவானுங்க" என்று முடித்துவிட்டு, இரண்டாவது டீ சொல்வேன். என்னை எந்தப் போலீஸ்காரரும் அதுவரை ஒருமுறைகூட நிறுத்தியதில்லை என்பது டீக்கடையில் யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கோலாரில் பரீட்சை. அரசாங்க வேலைக்கான எழுத்துத் தேர்வு. அறிவிப்பு வருமா வராதா என்று இரண்டு வருடம் காத்திருந்து, வேறு வேலைக்குப் போகாமல் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள், ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பஸ்ஸை நம்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் ஊரிலேயே பாலகாட் பகுதியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் நண்பரிடம் போய் அவருடைய பழைய மாருதியைக் கேட்டேன்.

ஊரில் உள்ள எல்லா வண்டியையும் சரி செய்து கொடுப்பவர் அவர். தன் வண்டியை மட்டும் தொடமாட்டார். சனிக்கிழமை மாலை சாவியைக் கொடுக்கும்போது வண்டியின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும், பயப்படாதே. பின்பக்கக் கண்ணாடியை இறக்கினால் திரும்ப ஏறாது. அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். நான் அந்த நேரத்தில், அடுத்தவர் பெயரில் உள்ள வண்டியை ஓட்டும்போது என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவருக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்ததால், காதில் விழவில்லை. என் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பொதுவாகவே அதிகம் பேசமாட்டாள். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் நானே பேசிவிடுவதால் அவளுக்கு வாய்ப்பும் கிடையாது.

மறுநாள் காலை கிளம்பினோம். ஊர் தாண்டி அந்த மேட்டில் ஏறும்போது, தடுப்பு வைத்து நாலைந்து போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டி என்னையும் ஓரங்கட்டச் சொன்னார். அருகில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர், சின்ன வயது. என் மகளைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கலாம்.

கான்ஸ்டபிள் ஜன்னலருகே வந்து, "பேப்பர்ஸ்" என்றார். ஒரே ஒரு சொல். அவ்வளவுதான் கேட்டார்.

இதற்கு மேல் நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் உடம்புதான் பொறுப்பு. முதலில் கை, வண்டியைக் கியரிலேயே அணைத்து, சாவியை உருவி அவரிடம் கொடுத்தது. அவர் குழப்பத்தோடு வாங்கிக்கொண்டார். பிறகு கால் கீழே இறங்கியது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தது. அப்புறம் இரண்டு கைகளும் மேலே போயின. வாய் திறந்துகொண்டது. நாக்கு தானாக மேலே மடிந்து அடிப்பக்கத்தைக் காட்டியது.

தங்கவயல்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் ஒவ்வொருவரையும் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். ஒரு துணுக்குத் தங்கம் வெளியே போய்விடக் கூடாதே. கையைத் தூக்க வேண்டும், செருப்பைத் தட்டிக் காட்ட வேண்டும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்க வேண்டும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது திருடன் போலீஸ் விளையாடமாட்டோம், 'சோதனை' விளையாடுவோம். ஒருவன் வாட்ச்மேன், மற்றவர்கள் வரிசை. வாய்க்குள் புளியங்கொட்டையை ஒளிக்கிறவன் கெட்டிக்காரன். அந்த விளையாட்டு என் உடம்பில் இவ்வளவு பத்திரமாக இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"இன்னா சார், பேப்பர் கேட்டா பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றார் கான்ஸ்டபிள். ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "அப்பா எந்த ஷாஃப்ட்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவரும் எங்கள் ஊர்க்காரர்தான்; அப்பா எந்தச் சுரங்கக் குழியில் இறங்கியவர் என்று கேட்கிறார். சொன்னேன். தலையாட்டிவிட்டு, கையை இறக்கச் சொன்னார். அதோடு காகிதத்தைக் காட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் போயிருக்கலாம். ஆனால் அந்த இரக்கப் பார்வை என்னை உறுத்தியது. நான் திருடன் இல்லை என்று நிரூபித்தே ஆக வேண்டும் போல ஒரு வேகம். யாரும் கேட்காமலே பின்பக்கம் ஓடி, டிக்கியை நானே திறந்து, "பாருங்க சார், நல்லா பாருங்க, ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஒன்று இருந்தது. ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், கோணிச் சாக்கில் பாதி சுற்றி, ஒரு தேங்காயைவிடப் பெரிய கல். வெள்ளைக் கல். நடுவில் கறுப்புக் கோடுகள். எங்கள் ஊரில் பிறந்த எந்தக் குழந்தையும் அந்தக் கல்லைப் பார்த்ததும் என்னவென்று சொல்லும். பூமிக்கடியில் தங்கம் இப்படிப்பட்ட கல்லுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சுரங்கங்களை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது; இப்போது அதில் இறங்கிக் கல் எடுப்பது திருட்டு. வெல்டிங் நண்பர் ராத்திரியில் மூடிய சுரங்கத்துக்குள் இறங்குகிறார் போலிருக்கிறது, அதற்கு நான் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறேன், பரீட்சை எழுதப் போகும் பெண்ணைக் கூட வைத்துக்கொண்டு. இவ்வளவையும் ஒரே நொடியில் கற்பனை செய்துவிட்டு, சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"அதுல தங்கம் இல்ல மேடம்."

அதுவரை அவர் அந்தக் கல்லைக் கவனிக்கவே இல்லை. வேறொரு பைக்கின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினார். நிதானமாக நடந்து வந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழற்றி வைத்த என் செருப்பைப் பார்த்தார். அவர் வெளி மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று பிறகு தெரிந்தது. மூடிய சுரங்கங்களில் இறங்கிக் கல் எடுப்பவர்களைப் பற்றி வந்த அன்றே அவரிடம் சொல்லி வைத்திருப்பார்கள். கன்னடத்தில் கேட்டார்: தங்கம் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உடைத்துப் பார்த்தீர்களா?

"இல்ல மேடம், பார்த்தா தெரியும்" என்றேன். அதுவும் தப்பான பதில். அப்படியென்றால் நிறையப் பார்த்திருக்கிறீர்கள், இல்லையா என்றார்.

யாருடைய வண்டி என்று கேட்டார். நண்பருடையது. நண்பர் என்ன வேலை? வெல்டிங். வெல்டிங்காரருக்கு எதற்கு இந்தக் கல்? எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கத் திறக்கக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. மணி எட்டரை. மகள் காருக்குள்ளிருந்து ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. மெதுவாக, "அப்பா, டீக்கடையில சொல்வீங்களே, அதுல ஒண்ணாவது ஞாபகம் இருக்கா?" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை. ரசீது என்ற சொல் மட்டும் எங்கேயோ மிதந்தது.

அப்போதுதான் என் மனைவி இறங்கினாள். புடவையைச் சரி செய்துகொண்டு நேராக சப்-இன்ஸ்பெக்டரிடம் போனாள். குரலை உயர்த்தவில்லை. எங்கள் ஊர்க் கன்னடத்தில், எதற்காக வண்டிகளை நிறுத்துகிறீர்கள் என்று கேட்டாள். அந்த வாரம் பக்கத்தில் இரண்டு மூன்று வண்டி திருட்டுப் போயிருக்கிறது, அதற்காக என்று அவரும் மரியாதையாகவே சொன்னார். சரி என்று வண்டியின் ஆர்.சி.யையும், என் போனைப் பிடுங்கி அதிலிருந்த லைசென்ஸையும், நண்பரின் போன் நம்பரையும் காட்டினாள். பிறகு, மகளின் ஹால் டிக்கெட்டைக் காட்டி, ஒன்பதரைக்கு கேட் சாத்துவார்கள் என்றாள். கடைசியாகச் சொன்னாள்:

"கல்லை எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்கங்க மேடம். எடுத்தோம்னு ஒரு எழுத்து மட்டும் குடுங்க. நாங்க போறோம்."

சப்-இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, "இன்னான்னு எழுதுறது மேடம்? கல், ஒண்ணு?" என்றார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டருக்குத்தான் உதட்டோரம் லேசாக ஆடியது. ஆனாலும் விடவில்லை. இந்தக் கல் எதற்கு வண்டியில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்றார்.

என் மனைவி ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு குற்றத்திலிருந்து தப்பித்து இன்னொன்றில் மாட்டுவோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஹேண்ட் பிரேக் புடிக்காது மேடம். மேட்டுல நிறுத்துனா பின் சக்கரத்துக்கு வைக்கிறதுக்கு. நேத்து வண்டிக்காரர் சொன்னாரு. இவரு காதுல வாங்கல."

நம்பாமல் செய்து காட்டச் சொன்னார்கள். நான் ஏறி உட்கார்ந்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கூரை வரைக்கும் இழுத்துவிட்டு, காலை எடுத்தேன். மாருதி ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்னால் உருள ஆரம்பித்தது. கான்ஸ்டபிள் கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். 'டக்' என்று நின்றது. அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

"தங்கம் இல்ல மேடம்," என்றார் கான்ஸ்டபிள் கையைத் தட்டிக்கொண்டு. "ஆனா இந்த வண்டியில வேலை செய்யற ஒரே சாமான் இதுதான்."

சப்-இன்ஸ்பெக்டர் அதற்குப் பிறகு சிரிப்பை மறைக்கவில்லை. அபராதம் உண்டு, அதில் மாற்றமில்லை. கை மெஷினில் ரசீது வந்தது. ஒரு வாரத்துக்குள் பிரேக்கைச் சரி செய்து ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து காட்ட வேண்டும், இறக்கத்தில் மெதுவாகப் போங்கள் என்றார். சாவியை என்னிடம் கொடுக்கவில்லை, என் மனைவியிடம் கொடுத்தார். பிறகு எனக்காகத் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்:

"சார், நான் கேட்டது பேப்பர். கேட்டதுக்கு மட்டும் சொல்லி. கேக்காததுக்கு யார்க்கும் சொல்ல வேண்டா. போலீசுக்குகூட."

இத்தனை நாள் வீடியோவில் தேடிக்கொண்டிருந்த உரிமையை ஒரு போலீஸ் அதிகாரி வாயாலேயே கேட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினேன். அதற்குள் கான்ஸ்டபிள் கல்லைக் கோணியில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பது போல டிக்கியில் வைத்திருந்தார்.

கோலார் போய்ச் சேரும் வரை, இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் மட்டும் பேசியது. ஒன்பது இருபத்தாறுக்கு மகள் இறங்கி ஓடினாள். அவள் உள்ளே போனதும் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அப்போதுதான் என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நடுநடுவே வாயை 'ஆ' என்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

மகளுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. நண்பர் போலீஸ் வைத்த ஒரு வாரக் கெடுவுக்குப் பயந்து பிரேக்கைச் சரி செய்துவிட்டார். வேலையில்லாமல் போன கல் இப்போது எங்கள் வீட்டு இரும்பு கேட்டைக் காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் நான் இன்னும் பாடம் நடத்துகிறேன், ஆனால் இந்தக் கதையில்தான் ஆரம்பிக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், எல்லாம் சரி, முதலில் கை ஏன் மேலே போனது என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அதை யோசித்தேன். என் அப்பா வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கையைத் தூக்கியது, தூக்காவிட்டால் வீட்டுக்கு விடமாட்டார்கள் என்பதால். என்னிடம் கேட்டது ஒரு காகிதம்தான்.

இப்போதும் சாலையில் காக்கிச் சட்டையைக் கண்டால் கை மேலே போகத்தான் பார்க்கிறது. ஆனால் சட்டைப் பை வரைக்கும் போனதும், அப்பாவை நினைத்துக்கொண்டு, அங்கேயே நின்று லைசென்ஸை மட்டும் எடுக்கிறது.