நெல்லியடியிலிருந்து ஒரு கான் மீன்

1993, தை மாதம். காலை ஆறரை மணிக்கு நெல்லியடியில் சைக்கிளில் தண்ணீர்க் கானைக் கட்டினேன். போக வேண்டிய இடம் மருதனார்மடம், என் வீடு. புத்தூர், சுன்னாகம் வழியாக ஏறக்குறையப் பதினைந்து மைல். மேல்பக்கம் வெட்டிய பிளாஸ்ரிக் கானுக்குள் ஐந்து மீன்கள்.

எதற்கு மீன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஒடுக்கமான ஒழுங்கை முடிவில் கல்லுக்கிடங்கு ஒன்று, கல் வெட்டியெடுத்த பழைய பள்ளம், இருக்கிறது. அதில் பாதிக் கல் நான் உடைத்தது; கல்லும் கிணறும் வெட்டுவதுதான் என் தொழில். கோடையிலும் தண்ணீர் வற்றாது. நுளம்பும் வற்றாது. நுளம்பு கடித்து என் மனைவி பூமணிக்கு இரண்டு முறை மலேரியா வந்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரர் கனகர் கிடங்கை மூட வேண்டும் என்று நின்றார். மீன் விட்டால் நுளம்புப் புழுவைத் தின்னும், சண்டையால் கடல் மீன் கிடைக்காத இந்தக் காலத்தில் கறிக்கும் ஆகும் என்றேன்.

"தைப்பூசத்துக்குள்ளை மீனைக் காட்டு. இல்லாட்டி மண் கொட்டுவன்" என்றார்.

தைப்பூசம் நாளை.

மீன் தந்தவன் பூமணியின் தம்பி சின்னராசா. அவன் நெல்லியடி வீட்டுக் கேணியில் திலாப்பியா வளர்க்கிறான். எங்கள் பக்கம் யப்பான் மீன் என்பார்கள்.

"யப்பானுமில்லை கிப்பானுமில்லை, அத்தான். ஆபிரிக்கா ஆத்துச் சாதி. அங்கையிருந்து கடல் தாண்டி வந்தது."

கேணியின் ஓரத்தைக் காட்டினான். அடிச் சேற்றில் வட்டம் வட்டமாகக் குழிகள். சோற்றுக்கோப்பை அளவு.

"ஆண் மீன் வாயாலை தோண்டினது. குழி பிடிச்சால்தான் பொம்பிளை வந்து முட்டை இடும்."

"கிடங்கு வெட்டினால்தான் பொம்பிளையோ?" என்றேன்.

"நீங்கள் மட்டும் என்னவாம்? கிடங்கு வெட்டித்தானே அக்காவைக் கட்டினீங்கள்!"

உண்மைதான்.

ஐந்தில் ஒன்று ஆண். உடம்பு கறுப்பு, தொண்டை வெள்ளை, செட்டை ஓரம் சிவப்பு. மாப்பிள்ளைக் கோலம். ஒன்று பெரிய பெண், சாம்பல் நிறம். மற்ற மூன்றும் சின்னன்.

"உப்புத் தண்ணியிலையும் கிடக்கும், நல்ல தண்ணியிலையும் கிடக்கும். லேசிலை சாகாது. வழியிலை தண்ணியைச் சிரட்டையாலை அள்ளி அள்ளி ஊத்துங்கோ, காத்துப் படட்டும்."

ஆபிரிக்காவிலிருந்து வந்த மீனுக்குப் பதினைந்து மைல் என்ன பெரிது என்று நினைத்தேன்.

ஏழரை மணிக்கு வல்லை வெளி. ஒரு மரம் இல்லை. இரண்டு பக்கமும் உவர் நிலம், நடுவில் பாலம். வாடைக் காற்று முதுகில் தள்ளியது. மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. பாலத்தில் நின்று சிரட்டையால் அள்ளி ஊற்றினேன். ஐந்தும் ஓடித் திரிந்தன. சந்தோஷமாக இருந்தது. பாட்டுக்கூட வந்தது. எனக்குப் பாட்டு வருவதில்லை.

ஒன்பது மணிக்குப் புத்தூர் தாண்டி நிலாவரைக் கிணறு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அடி காணாத கிணறு என்பார்கள். கிணறு வெட்டினவனாக எட்டிப் பார்த்தேன். எனக்கும் அடி தெரியவில்லை. கான் தண்ணீர் கலங்கியிருந்தது. முழுவதையும் மாற்றிப் புதுத் தண்ணீர் விட்டேன். அது பிழை. குளிர் தண்ணீர் ஒரேயடியாகப் பட்டதும் சின்ன மீன் மூன்றும் வயிறு காட்டி மிதந்தன.

குடத்தோடு நின்ற மனிசி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, குளிப்பாட்டியே சாக்காட்டிப்போட்டியள்."

மூன்றையும் அவளுக்கே கொடுத்தேன். சோடி ஒன்று மிச்சம் இருக்கிறதே. போதும்.

பத்தரை மணி. சுன்னாகம் சந்தைக்குக் கிட்டப் பின் ரயர் வெடித்தது. சைக்கிள் சரிந்தது. கறுப்பு மாப்பிள்ளை எகிறித் தெருவில் விழுந்தான். நான் கானைப் பிடிப்பதா அவனைப் பிடிப்பதா என்று பார்ப்பதற்குள் ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது.

சைக்கிள் கடைக்காரர் ரயரைக் கழற்றி ரியூப்புக்குக் காற்றடித்தார். ஓட்டை பார்க்கக் கானுக்குள் அமுக்கப் போனார்.

"அண்ணை, உதுக்குள்ளை மீன்!"

"மீனோ? நான் நினைச்சன் எனக்குத் தண்ணியும் கொண்டந்தனீர் எண்டு."

எட்டிப் பார்த்தார். பெண் மீன் தனியே நின்றது. தாடை வீங்கியிருந்தது. வாயைச் சப்பிக்கொண்டே இருந்தது. சோற்றுப் பருக்கை போட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை.

"வெத்திலை போட்டிருக்கிறா போலை" என்றார் கடைக்காரர்.

வெங்காயக் கடகத்தோடு நின்ற அக்கா குனிந்தாள். "இல்லையண்ணை, தாடை வீங்கிற கூகைக்கட்டு. வேப்பிலை அரைச்சுப் பூசுங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. சோடி இல்லை. மிச்சமும் நோய் பிடித்த வருத்தக்கார மீன். கனகருக்கு எதைக் காட்டுவது?

"ஒட்டுக்காசு வேண்டாம். உந்த மீனைத் தாரும், மத்தியானக் குழம்புக்கு" என்றார் கடைக்காரர்.

யோசித்தேன். நியாயமான விலைதான். மீன் என் நிழலைக் கண்டு அடியில் பதுங்கியது. வாயை இன்னும் இறுக்கிக்கொண்டது. இவ்வளவு தூரம் உயிரோடு வந்ததைச் சட்டிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. காசைக் கொடுத்துவிட்டுக் கானைக் கட்டினேன்.

மருதனார்மடச் சந்தியில் நிற்காமல் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பினேன். நண்பகலுக்குக் கல்லுக்கிடங்கு. பூமணி வந்தாள். கனகர் மண்வெட்டியோடு முன்னமே நின்றார்.

"எத்தினை?"

"ஒண்டு."

"ஒண்டு!" கனகர் பூமணியைப் பார்த்தார். "உன்ரை மனிசன் ஒரு மீனுக்கு நெல்லியடிக்குப் போய் வந்திருக்கிறான், பிள்ளை."

"உங்களிட்டை எத்தினை மீன் கிடக்கு, கனகண்ணை?" என்றாள் பூமணி.

இந்த முறை கிடங்குத் தண்ணீரைக் கானுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பிறகு கானைச் சரித்தேன். மீன் மெல்ல இறங்கி ஓரத்துக் கல்லடியில் நின்றது. நாங்கள் மூவரும் குந்திப் பார்த்தோம். அசையவில்லை.

"சாகப் போகுது" என்றார் கனகர்.

அப்போது அது வாயைத் திறந்தது. புகை மாதிரி ஒன்று வெளியே வந்தது. புகைக்குக் கண் இருந்தது. கடுகு கடுகாகக் கண். அத்தனையும் குஞ்சு.

கனகர் எழுந்தார். அவர் நிழல் தண்ணீரில் விழுந்தது. குஞ்சுகள் எல்லாம் பாய்ந்து தாயின் வாய்க்குள் புகுந்தன. தாய் வாயை மூடியது. திரும்பவும் கூகைக்கட்டு.

"எட்டி நில்லுங்கோ!" என்று பூமணி கத்தினாள். கனகர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் புகை மறுபடி வந்தது. ஒரு நுளம்புப் புழு நெளிந்தது. ஒரு குஞ்சு போய்க் கொத்தியது.

பிறகு சின்னராசாவைக் கேட்டேன். குழியில் இட்ட முட்டையைத் தாய் வாயில் எடுத்து, குஞ்சு பொரித்து, அவை நீந்தப் பழகும்வரை சுமந்து திரியுமாம். அந்த நாட்களில் இரை எடுக்காதாம். அதைப் போய் வருத்தம் என்றோம்.

கிடங்கு இன்னும் மூடவில்லை. ஓரமெல்லாம் இப்போது வட்டக் குழிகள். கனகர் பின்னேரங்களில் வந்து, நிழல் விழாத பக்கமாகப் பார்த்துக் குந்துகிறார்.

நெல்லியடியிலிருந்து நான் கொண்டு வந்தது ஒரு மீன். மிச்சத்தை அது கொண்டு வந்தது.