அம்மா சொல்லாத கடைசி வார்த்தை

அம்மாவின் வருட நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுக்கலாம் என்றாள் தங்கச்சி. அம்மாவின் கடைசி நாளைச் சிறுகதையாக எழுதி அதில் போட வேண்டும். வீட்டில் கதை எழுதுகிறவன் நான். எழுதிக்கொண்டும் இருந்தேன். நான் முடிக்கும்வரை அவளுக்குப் பொறுக்கவில்லை. நாகல் நகரில் டவுன் பஸ் ஏறியவள், செல்போனில் ஏஐயிடம் நாலு வரி சொல்லி, இறங்குவதற்குள் முழுக்கதையையும் வாங்கிவிட்டாள்.

பூசை முடிந்து பிரியாணிக்கு உட்கார்ந்தபோதுதான் என் கையில் புத்தகம் வந்தது. அதில் அம்மா எங்கள் கைகளைச் சேர்த்துப் பிடித்து, "கண்மணிகளே, அன்புதான் நம் சொத்து" என்று புன்னகைத்துக் கண்ணை மூடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்மணியாம்! எங்களைச் சனியனே என்று கூப்பிட்டு வளர்த்தவள் அவள். அந்தக் கருமம் பிடித்த மெஷினுக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்?

சாகக் கிடக்கிறவர் காதில் விழ வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் ஜெபமாலையை உரக்கத்தான் சொல்வோம். அம்மாவின் கடைசி நாளன்றும் கட்டிலைச் சுற்றி நின்று தொண்டை கிழியச் சொன்னோம். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"ஏலே, அம்புட்டுப் பேரும் வாய மூடுங்க. மனுசியத் தூங்க விடுங்க."

அதற்குப் பிறகு பேசவில்லை. சித்தையன்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் காய்கறி மூட்டையோடு வந்து திண்டுக்கல்லில் விற்றவள், ஆயுசு முழுக்கக் கேட்டது அந்தத் தூக்கத்தை மட்டும்தான். அதைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இலையை விட்டு எழுந்து தங்கச்சியிடம் போனேன். "அம்மா இப்படியா சொல்லுச்சு?"

"விடுண்ணே. ஊரே படிக்கிறதுல, வாய மூடச் சொல்லுச்சுன்னா போட முடியும்?"

பக்கத்தில் இருந்த சித்தி, அன்றைக்கு ஜெபத்தைத் தொடங்கி வைத்தவள், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "இல்லப்பு, அக்கா இப்படித்தான் சொன்னா. என் கையையும் சேத்துப் பிடிச்சாளே."

தங்கச்சி சித்தியைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"ஆமாண்ணே. லேசா முனங்குச்சுல்ல? அன்பா இருங்கன்னு. எனக்கும் கேட்டுச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா எங்களைத் திட்டியதைக் கேட்டவன் என்று மிஞ்சியது நான் ஒருத்தன்தான்.