ஸ்நாஃபுவும் நாலு எலுமிச்சம்பழமும்

டிஸ்பேட்ச்ல இருக்கறவனுக்கு நல்ல நாளு கெட்ட நாளு கெடையாது. கன்டெய்னர் வந்த நாளு, வராத நாளு, அவ்ளோதான். லோடிங் பண்ற எடத்துல ஒரு நாள் நின்னு பார்த்தவங்களுக்கு நான் மேல சொல்லத் தேவையில்ல.

பட்டாளத்து வார்த்தை

கும்மிடிப்பூண்டில எங்க கம்பெனி பம்பு பாகம் பண்ணுது. அதை வெளிநாட்டுக்கு அனுப்பற ஏஜென்ட் மேடம், எது லேட்டானாலும் போன்ல "ஸ்நாஃபு"ன்னுவாங்க. நான் படிச்ச நைட் ஸ்கூல்ல இந்த இங்கிலீஷ் சொல்லித்தரல. செல்லுல தேடிப் பார்த்தேன். கலாட்டா, கொழப்பம்னு அர்த்தம். ரெண்டாம் உலக யுத்தத்துல அமெரிக்க பட்டாளத்துக்காரங்க, அஞ்சு இங்கிலீஷ் வார்த்தையோட மொத எழுத்தைக் கோத்துப் பண்ணது: நெலமை எப்பவும்போல, எல்லாம் நாசம். 'நாசம்'ங்கற எடத்துல அவங்க சொன்னது வேற. அதை லாரி ரிவர்ஸ் எடுக்கறப்போ சொல்லலாம், எழுதக் கூடாது.

லோடு தூக்கி ஏத்தற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற எத்திராஜ்கிட்ட இதைச் சொன்னேன்.

"இதுக்கு எதுக்குணா யுத்தத்துக்குப் போவணும்? நம்ம கேட்டாண்ட வந்து நின்னிருந்தா போதாதா?"

கற்பூரம் காட்டின அப்புறம்

ஒரு வருஷம் ஆயுதபூஜை அன்னிக்கு, காலைல வரவேண்டிய கன்டெய்னர் மழைத்தண்ணில மாட்டிக்கினு, நாங்க கற்பூரம் காட்டி முடிச்ச அப்புறம் உள்ள வந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள துறைமுகத்துல இருக்கணும். ஏற்கெனவே ஒரு கப்பலை உட்டாச்சு. இதையும் உட்டா ஆர்டரு வேற கம்பெனிக்குப் போயிடும், அதை நம்பி ஓடற செகண்ட் ஷிஃப்டும் போயிடும். எத்திராஜ் சம்சாரம் சுமதியே அந்த ஷிஃப்ட்லதான் இருக்காங்க.

ஆனா பூஜை போட்ட மெஷினை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. ஃபோர்க்லிஃப்ட்டு மாலை, சந்தனம், குங்குமத்தோட மாப்பிள்ளை மாதிரி நிக்குது. எத்திராஜ் கையக் கட்டிக்கினு, "வேலை போனாலும் சரிணா, சாமி குத்தம் வேணாம்"ன்னுட்டான். மேடத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"டோட்டல் ஸ்நாஃபு. பார்ட்டிகிட்ட நான் என்னன்னு சொல்றது, உங்க மெஷின் இன்னிக்கு சாமி கும்பிடுதுன்னா?"

மெஷினா, வண்டியா?

"எத்திராஜு, கம்பெனி வேனுக்கும் பூஜை போட்டியே, அதுவும் நாளைக்குத்தான் எடுப்பியா?"

"அது வண்டிணா. எலுமிச்சம்பழத்தை நசுக்கி அப்பவே ஓட்டிடணும்."

"இதுக்குக் கீழ இன்னா இருக்கு?"

குனிஞ்சு பார்த்தான், என்னமோ இப்பதான் மொத தபா பாக்கற மாதிரி. "சக்கரம்."

"ஸ்டீயரிங்கு? ஹாரனு?"

"எல்லாம் இருக்குதுணா. நம்பர் பிளேட்டு இல்லியே."

பொரித் தட்டோட நின்ன சுமதி சும்மா உடல. "உன் தம்பி பைக்குக்குந்தான் நம்பர் பிளேட்டு இல்ல. அதை இன்னா மெஷின்னா சொல்ற?"

எத்திராஜ் கட்டின கையை அவுத்துட்டுப் பழம் எடுக்கப் போனான். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வெச்சோம். எத்திராஜ் செருப்பைக் கழட்டிட்டு ஏறி, கண்ணை மூடி ஒரு கும்புடு போட்டு நசுக்கினான். மாலையோடவே ஓட்டினான். ஆபீஸ்காரங்க வரைக்கும் பொரியக் கீழ வெச்சிட்டுப் பொட்டி தூக்கினாங்க. வாசல் மூடறதுக்குள்ள லாரி துறைமுகத்துக்குள்ள போயிடுச்சு. 'எல்லாம் நாசம்' வரைக்கும் போவாம, 'நெலமை எப்பவும்போல'லயே நிறுத்திட்டோம்.

மேடம் போன் பண்ணி, பூஜை போட்ட மெஷினை எப்படி எடுத்தீங்கன்னு கேட்டாங்க. எத்திராஜ் என் கையிலேர்ந்து செல்லை வாங்கினான்.

"மெஷினை எவனும் தொடலைங்க மேடம். வண்டியத்தான் எடுத்தோம்."

செகண்ட் ஷிஃப்ட் இன்னிக்கும் ஓடுது, ஆனா எது மெஷின், எது வண்டின்னு பேசி முடிச்ச அப்புறம்தான் எங்க கம்பெனில இப்ப கற்பூரமே ஏத்தறாங்க.